அக்கா மகள் சோறு கேட்ட நாள்

போன வருஷக் கடைசியில், ஈப்போவில் மத்தியானம் ஆனாலே மழை கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. கோப்பெங் போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வரிசை வீடு. ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தைத் திருத்தி வீடுகள் கட்டினார்கள். அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் இறக்கிக்கொண்டிருந்த என் அப்பா, அங்கேயே ஒரு வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். இப்போது அப்பா, அக்கா, அத்தான், அவர்கள் மகள், நான் என்று ஐந்து பேர் இருக்கிறோம். அம்மா நான் சின்னவனாக இருந்தபோதே காலமாகிவிட்டார்.

அக்காவுக்கு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அத்தான் லாரி ஓட்டுகிறார், கடலோரத்து லூமுட் பக்கம்தான் அதிகம் போவார். எனக்கு மோட்டாரில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் வேலை. ஈப்போக்காரர்கள் சாப்பாட்டு விஷயத்தில் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் மீ, மத்தியானம் கோழிச் சோறு, சாயங்காலம் முளைப்பயறு போட்ட தௌகே கோழி என்று நாள் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் வாசனை வந்துகொண்டே இருக்கும். ஊருக்கே சாப்பாடு சுமந்த எனக்கு, எங்கள் வீட்டுப் பாப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்பது தெரியாமலே இருந்தது.

பாப்பாவுக்கு அப்போது நான்கு வயது ஆகப் போகிறது. சின்ன உருவம். சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "நம்ம குடும்பமே ஒல்லிதானே" என்று அப்பா சொல்லுவார், நாங்களும் தலையாட்டுவோம். அடுத்த வருஷம் தடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கிளினிக்கில் உடம்பைக் காட்டப் போனார்கள். அத்தான் லூமுட்டில் இருந்ததால் நான்தான் காரில் அக்காவையும் பாப்பாவையும் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த மிஸ்ஸி ஒரு தமிழ் அம்மா. நர்ஸை நாங்கள் இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். பாப்பாவை நிறுத்தி உயரம் பார்த்தார், எடை பார்த்தார், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். பிறகு பழைய புள்ளிகளையும் புதுப் புள்ளியையும் விரலால் தொட்டுக் காட்டினார். மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக்கொண்டிருந்தது. வயதுக்கு ஏற்ற எடையும் இல்லை, உயரமும் பின்தங்கத் தொடங்கிவிட்டது என்றார். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தமும் குறைவு. இரும்புச் சத்து மருந்தும் பூச்சி மருந்தும் கொடுத்தார்கள்.

கடைசியாக மிஸ்ஸி சொன்னதுதான் எனக்குப் புதுசாக இருந்தது. "அடுத்த வாரம் திரும்ப வாங்க. ஆனா நீங்க மட்டும் வேணாம். உங்க வீட்டுல யார் யார் இருக்காங்களோ எல்லாரும் வரணும்."

காரில் ஏறியதும் அக்கா அழுதுவிட்டாள். சத்தமில்லாமல், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. கோயிலில் ஒரு அத்தை ஏற்கெனவே அவளிடம், "என்னடி, வேல வேலன்னு ஓடறே, பிள்ளைக்குச் சோறு போடறியா இல்லியா" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்கிறார். அது அவள் மனதில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. இப்போது கிளினிக்கும் அதையே சொன்ன மாதிரி அவளுக்குப் பட்டுவிட்டது.

அடுத்த வாரம் அத்தான் லீவு போட்டார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கோயிலுக்குப் போகிறவர் மாதிரி கிளம்பினார். அந்தச் சின்ன அறையில் நாங்கள் நால்வரும் சுவரோடு சுவராக நின்றோம். மிஸ்ஸி எங்களை எதுவும் கேட்கவில்லை. பாப்பாவைத் தன் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, அவளிடம் பேச ஆரம்பித்தார்.

"காலையில எழுந்ததும் என்ன சாப்பிடுவீங்க பாப்பா?"

"தாத்தா தே தண்ணி குடுப்பாரு. பிஸ்கட் முக்கி முக்கி."

"அப்புறம்?"

"மாக்சிக் குவே குடுப்பாங்க." பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை நாங்கள் மாக்சிக் என்போம். அவர் செய்யும் இனிப்புப் பலகாரம்தான் அந்தக் குவே.

"அப்புறம்?"

"மாமா கெரோப்போக் குடுப்பாரு. மோட்டார் பேக்ல வச்சிருப்பாரு." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொரித்த நொறுக்குப் பாக்கெட் ஒன்று அப்போதுகூட என் பையில் இருந்தது.

"அப்பா?"

"அப்பா லாரில வரப்ப பாக்கெட் தண்ணி வாங்கிட்டு வருவாரு. இனிப்பா, சிவப்புத் தண்ணி."

"சரி, அம்மா என்ன குடுப்பாங்க?"

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். "அம்மா சோறு குடுப்பாங்க. அப்ப எனக்கு வயிறு ஃபுல்லா இருக்கும்."

அத்தான் கூரையைப் பார்த்தார். அப்பா செருப்பைப் பார்த்தார். அக்கா மட்டும் நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் ஒருவர் ஒருவராகப் பார்த்தாள். எனக்கோ சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. பாப்பா மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள்.

மிஸ்ஸி கோபப்படவே இல்லை. "யாரும் கெட்டது செய்யல. ஆளாளுக்குப் பாசத்துல கொஞ்சம் குடுக்கறீங்க. ஆனா வயிறு ஒண்ணுதானே லா," என்றார். சக்கரையும் மாவும் அந்தச் சின்ன வயிற்றை அடைத்துவிடுகின்றன, வளர்வதற்கு வேண்டியது உள்ளே போக இடமில்லை என்று விளக்கினார். சாப்பாட்டோடு தே தண்ணி கொடுத்தால், கீரையில் இருக்கிற இரும்புச் சத்துகூட உடம்பில் ஒட்டாதாம்.

விளம்பரத்தில் வருகிற பால்மாவு டின் வாங்கலாமா என்று அத்தான் கேட்டார். அது இல்லாமலே முடியும் என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி எங்களைத் திருப்பிக் கேட்டார். வீட்டுக்குப் பின்னால் என்ன முளைக்கிறது? பாசாரில் எந்த மீன் கிடைக்கும்? எங்களுக்கு ஆச்சரியம். முருங்கை இருக்கிறது, சாயோர் மானிஸ் கீரை வேலி ஓரமாகக் காடு மாதிரி கிடக்கிறது, கெலெடெக் என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கிறது. அத்தான் லூமுட்டிலிருந்து நெத்திலிக் கருவாடும் கெம்போங் மீனும் நினைத்த நேரம் வாங்கி வரலாம். முட்டையும் பருப்பும் எந்தக் கடையிலும் உண்டு. "அப்புறம் என்ன? எல்லாம் வீட்டுலயே இருக்கு," என்றார் மிஸ்ஸி. "ஒரு மாசத்துல திரும்பப் பாக்கறேன். கோடு இன்னும் கீழ போச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித்தான் ஆகணும்."

அன்று சாயங்காலமே வீட்டில் கூட்டம் போட்டோம். என்ன உற்சாகம் தெரியுமா? அக்காவுக்கு எப்போது ஷிப்டு மாறும் என்பது தெரியாது, அதனால் சமையலை ஆண்கள் மூவரும் பிரித்துக்கொள்வது என்று முடிவு. நான் மாக்சிக் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவர் முகம் வாடிப்போனது. பிறகு, குவேக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று அவரே கேட்டார். மறுநாளே வாழை இலையில் கட்டிய தெம்பே வந்துவிட்டது. சோயாவைப் புளிக்க வைத்துச் செய்கிற அந்தக் கட்டியை அவர் தன் கையாலேயே செய்கிறார். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

ஆனால் ஒரு குழந்தையைச் சாப்பிட வைப்பது சும்மாவா? அப்பா முருங்கைக்கீரை போட்டுக் கஞ்சி வைத்தார். பாப்பா வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். நான் தெம்பேயைப் பொரிக்கிறேன் என்று கரியாக்கினேன். அத்தான் மீன் வாங்கி வந்தார். அக்கா முள் பயத்தில் அதைப் பிசைந்து பிசைந்து கூழாக்கிவிட்டாள், அதை எனக்கே சாப்பிடப் பிடிக்கவில்லை. பிஸ்கட் டின் இருந்த அலமாரிக்கு முன்னால் பாப்பா தரையில் உட்கார்ந்து அழுத அழுகை வரிசையின் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இதற்கு நடுவில் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். காலையில் பாப்பாவுக்கு அவர் ஊட்டுகிற பிஸ்கட்டும் தே தண்ணியும் நின்றுபோனதிலிருந்துதான் இது என்று எனக்குப் புரிந்தது. பின்கட்டில், கீரைப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவரே சொன்னார். "ஒங்க ரெண்டு பேருக்கும் காலையில நான் ஒண்ணும் குடுத்ததில்ல லா. விடியறதுக்கு முன்ன மரத்துக்குப் போயிடுவேன். இவளுக்காவது என் கையால குடுக்கலாம்னுதான்."

மிஸ்ஸிக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தாத்தாகிட்டருந்து காலை நேரத்த யாரு புடுங்கச் சொன்னா? நேரம் அவருதுதான். தட்டுல இருக்கறத மட்டும் மாத்தச் சொல்லுங்க," என்றார். அதை அப்பாவிடம் சொன்னதும் மனிதர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். மறுநாள் விடியும்போது கெலெடெக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மசித்து, தேங்காய்ப்பூ தூவி, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்தார். பாப்பா ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பாதி சாப்பிட்டாள். வெறும் பாதிதான். அப்பா அந்தப் பாதியைப் பற்றி நாள் முழுக்கப் பேசினார்.

அப்படி ஒரு நம்பிக்கை வந்த நேரத்தில் காய்ச்சல் வந்தது. மழை விடாமல் பெய்துகொண்டே இருந்த வாரம். பாப்பாவுக்குச் சூடு ஏறியது, டாக்டரிடம் காட்டினோம், மருந்து கொடுத்தார், இறங்கியது. ஆனால் அந்த நாட்களில் அவள் தண்ணீரும் கஞ்சித் தெளிவும் தவிர வேறு எதுவும் தொடவில்லை. இருந்த கொஞ்சக் கன்னமும் ஒட்டிப்போனது. அவளைத் தூக்கினால் துணியை மட்டும் தூக்குவது போல இருந்தது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் அக்காவைத்தான் பார்த்தார், பாப்பாவைப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு அக்கா, "நான் வேலய விட்டுடறேன்" என்றாள். வேலையை விட்டால் வீட்டுத் தவணை என்னாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளினிக்குக்குப் போகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை. வெளியே போக முடியாமல் நான் வீட்டில்தான் இருந்தேன். அக்காவுக்கும் அன்று ஓய்வு, அத்தானும் இருந்தார். அபூர்வமாக எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில். அப்பா சமையலறையில் இருந்தார். காய்ச்சல் விட்டு எழுந்த பாப்பா வீட்டுக்குள் மெதுவாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பார்க்கிறேன், என் ஹெல்மெட் நடந்து வருகிறது. உள்ளே பாப்பா. கழுத்து வரை மூடியிருக்கிறது. கையில் என் டெலிவரிப் பை. அவள் உயரத்துக்குப் பாதி இருக்கும் அந்தப் பை. அதைத் தரையில் இழுத்துக்கொண்டு நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"ஹலோ, ஆர்டர் ரெடியா?"

நான் போனில் பேசுவது மாதிரியே கேட்டாள். அதே அவசரம், அதே குரல். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளையாடும் மனநிலை இல்லை. ஆனாலும் சட்டியில் இருந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டார். சாயோர் மானிஸ் கீரையை நறுக்கி, முட்டை ஊற்றிக் கிளறி, நெத்திலியை வறுத்துப் பொடியாக்கித் தூவிப் பிரட்டிய சோறு. "ரெடி. யாருக்கு?" என்றார்.

பாப்பா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா ஆர்டர் பண்ணிருக்காரு."

மூடி போட்ட கிண்ணத்தைப் பைக்குள் வைத்து, இழுத்துக்கொண்டு போய் அத்தான் முன்னால் நிறுத்தினாள். அத்தான் லாரிக்காரர், பேச்சு குறைவு. ஆனால் அன்று அவர் நடித்தாரே, அப்படி ஒரு நடிப்பு. "ஓ, வந்திருச்சா? நான் பசியோட இருக்கேன் தங்கச்சி," என்று இரண்டு கையாலும் வாங்கினார். அவர் ஒரு வாய் சாப்பிட்டதைப் பாப்பா ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தாள். மென்று விழுங்கும் வரைக்கும் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு ஓட்டம்.

அடுத்த ஆர்டர் எனக்கு. அதற்கு அடுத்தது அக்காவுக்கு. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டோம். அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. அவரவர் ஷிப்டுக்கு அவரவர் கடையில் கட்டி வாங்கிய தப்பாவ் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். பாப்பா யாரைப் பார்த்துச் சோறு சாப்பிடக் கற்றுக்கொள்வாள்?

கடைசியில் அப்பா தனக்கு ஒரு தட்டும், கையில் ஒரு சின்னக் கிண்ணமுமாக வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பாப்பாவின் பைக்குள் அவரே வைத்தார். "இன்னும் ஒரு ஆர்டர் இருக்கு. பேரு தெரியல," என்றார்.

பாப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லோரிடமும் சாப்பாடு இருக்கிறது. நான் மெதுவாகக் கேட்டேன், "அப்ப இது யாருக்கு லா?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எனக்கு."

அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். நாங்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அத்தான் மின்விசிறியைப் பார்த்தார், நான் என் கிண்ணத்தில் இருந்த நெத்திலிப் பொடியைப் பார்த்தேன், அப்பா மழையைப் பார்த்தார். கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கால்பந்து ஆட்டத்தில் கடைசி நிமிஷப் பெனால்டிக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

கரண்டிச் சத்தம் நின்றது. போச்சு என்று நினைத்தேன்.

"தாத்தா, இன்னும் சோறு இருக்கா?"

அப்பா எழுந்த வேகத்தில் அவர் தட்டே கவிழ்ந்துவிட்டது. அதைக்கூட எடுக்காமல் சமையலறைக்குப் போனார். சட்டியோடு வந்தார். அத்தான் பாப்பாவின் தலையில் கை வைத்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அக்கா எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. ஆடினேன். மழையில் வெளியே ஓடிப் போய் மாக்சிக் வீட்டுக் கதவைத் தட்டி, "மாக்சிக், அவ ரெண்டாந்தடவ கேட்டா," என்று சொன்னேன். அவருக்கு என்ன, ஏது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவரும் குடையில்லாமல் என்னோடு ஓடிவந்து பார்த்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பிள்ளை சோறு சாப்பிடுகிறது. அதைப் பார்க்க அவ்வளவு பேர்.

மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மறுநாள் சோற்றைத் தள்ளிவிட்டாள். அதற்கு மறுநாள் கொஞ்சம் சாப்பிட்டாள். டெலிவரி விளையாட்டு சில நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது. அப்புறம் கீரை உருவுகிற வேலை வேண்டும் என்றாள். பிறகு முட்டை உடைக்கிற வேலை. ஓடு விழுந்த முட்டை எத்தனை சாப்பிட்டோமோ. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. வீட்டில் ஒருவராவது அவளோடு உட்கார்ந்து, அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். அவளும் அதில் கை வைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் சாப்பிடுகிறாள். அத்தான் பாக்கெட் தண்ணி வாங்குவதை நிறுத்தி, லூமுட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் மீனோடு வந்தார். முள் எடுக்கும் வேலையை அவரே வைத்துக்கொண்டார். அத்தனை பெரிய லாரி ஓட்டுகிற கை, விளக்கு வெளிச்சத்தில் மீன் முள் தேடுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள். நான் தெம்பேயைக் கருக்காமல் பொரிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு எங்கள் தாமானிலேயே நல்ல தெம்பே பொரியல் என்னுடையதுதான் என்று நான் சொல்வேன், அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

எடை பார்க்கும் நாள் வந்தது. அத்தான் மறுபடி லீவு போட்டார். பாப்பா ஹெல்மெட்டோடுதான் வருவேன் என்று அடம் பிடித்தாள், வந்தாள். தராசில் ஏறும்போதும் கழற்ற மாட்டேன் என்றாள். "இருந்துட்டுப் போவட்டுமே மிஸ்ஸி," என்றார் அப்பா.

"ஹெல்மெட்டுக்கும் சேத்து எடை போட்டா அது ஏமாத்து வேலை ஐயா," என்று மிஸ்ஸி சிரித்தார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாப்பா தராசில் ஏறினாள். எண் துடித்துத் துடித்து நின்றது. மிஸ்ஸி பார்த்தார். இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார். காய்ச்சலில் இளைத்த பிள்ளை. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

மிஸ்ஸி புள்ளி வைத்தார். பழைய புள்ளியிலிருந்து புதுப் புள்ளிக்குக் கோடு இழுத்தார். எங்கள் பக்கம் திருப்பினார்.

கோடு மேலே போயிருந்தது.

"கொஞ்சம்தான். இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கு," என்றார் மிஸ்ஸி. "ஆனா திரும்பிருச்சு. காய்ச்சல் வந்தும் ஏறியிருக்கு பாருங்க. ஆஸ்பத்திரிக்கு இப்ப வேணாம். இதையே விடாம செய்யுங்க."

அக்கா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்பது கேட்டபோதுதான் தெரிந்தது. அப்பா மிஸ்ஸியைக் கும்பிட்டார். அத்தான் அந்தக் கோட்டைப் போனில் படம் எடுத்தார். லாரியில் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாமி படத்தோடு, அச்சுப் போட்ட அந்தப் படம் ரொம்ப நாள் இருந்தது.

வெளியே வந்தோம். காத்திருக்கும் இடத்தில் ஒரு இளம் அம்மா, மடியில் ஒரு மெலிந்த பையனோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அக்காவைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி, "அக்கா, பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் அவளுடைய கணவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கீரை, முட்டை, நெத்திலி எல்லாம் சொன்னாள். உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே கிளினிக்கிலிருந்து தலை குனிந்து போனவள் அவள். சொல்லி முடித்துவிட்டு அந்தக் கணவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்களும் கேட்டுக்கோங்க லா. இது ஒரு ஆளு வேல இல்ல."

அவன் போனைக் கீழே வைத்தான். அப்பா சும்மா இருப்பாரா? அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கெலெடெக் உருண்டை செய்கிற விதத்தைக் கையை உருட்டி உருட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அவரை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாப்பா இப்போது தடிக்காவுக்குப் போகிறாள். கோடு மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது, அவள் வயதுப் பிள்ளைகளை இன்னும் முழுதாக எட்டிப் பிடிக்கவில்லை, பிடித்துவிடுவாள். அக்கா வேலையை விடவில்லை. நான் இன்னும் மோட்டாரில் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கேயாவது ஒரு வீட்டு வாசலில் மெலிந்த குழந்தையைப் பார்த்தால், முன்பெல்லாம் என் கண் தன்னாலே அதன் தாயைத் தேடிப் போகும். இப்போது அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யார் இன்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றுதான் என் மனம் கேட்கிறது.